முட்டையை நூலால் அறுப்பது

"இங்கேயே சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் எழும்பணும்." 2022 ஜூலையில் 18 நாள், நாங்கள் சமைத்துப் போட்ட சோற்றைச் சாப்பிட வந்த 34 பிள்ளைகளிடம் தினமும் நான் சொன்ன வசனம் இது. கடுமையாகச் சொன்னதில்லை. தலையைத் தடவிக்கொண்டு சொன்னேன், சில நேரம் பாட்டுப்போல இழுத்துச் சொன்னேன். பிள்ளைகளும் மறுபேச்சுப் பேசாமல் கேட்டார்கள். மூன்று வருசத்துக்கு மேலாகியும் அந்த வசனம் என்னை விடவில்லை. வீட்டில் முட்டை அவிக்கும்போது, பஸ்ஸில் யாராவது பாதிச் சாப்பாட்டை லஞ்ச் சீட்டில் மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்க்கும்போது, திரும்ப வந்து நிற்கிறது. இதை எழுதிவிட வேண்டுமென்று பல தடவை உட்கார்ந்து பாதியில் எழும்பியிருக்கிறேன். நான் செய்தது பிழை என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை, சரி என்று விட்டுவிடவும் முடியவில்லை.

அந்த நாட்களைப் பற்றி இலங்கை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டீசல் இல்லை, பஸ் இல்லை, ஜூலை முதல் வாரத்தில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒரு வாரம் என்றார்கள், பிறகு இன்னும் ஒரு வாரம் என்றார்கள், கடைசியில் 25ஆம் திகதிதான் திறந்தார்கள். அதுவும் வாரத்துக்கு 3 நாள். பாடம் போகிறதே என்று ஊரெல்லாம் கவலைப்பட்டது. எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் போனது சோறுதான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற அந்த ஒரு நேரச் சாப்பாடு, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால் கிடையாது. வீட்டில் ரொட்டி தட்டலாம் என்றால் கோதுமை மா கிலோ 400 ரூபாவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருசம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் கொழும்புக் கணக்கில் 94.9 வீதம். தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் வேலை, போட்டால் 1000 ரூபா. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதும் சொல்ல முடியாது. இந்த நாலு வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லயன் காம்பராவின், தோட்டத்து வரிசை வீட்டு அறையின், அடுப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

நாங்கள் ஆறு பேர். உயர்தரம் ஒன்றாகப் படித்தவர்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் அட்டனில் வேலை, மற்றவர்கள் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும். கட்டாரில் இருக்கும் ஒருவன் மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்பிவிட்டு, "எப்பிடியாவது சமைச்சுப் போடுங்கடா" என்று குரல் பதிவு ஒன்றையும் அனுப்பினான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் மாரியம்மன் கோயில் மண்டபத்தைக் கேட்டோம். கோயில் கமிட்டி திருவிழாக் கிடாரத்தையும் இரண்டு பெரிய அகப்பையையும் தந்தது. வேலையிலிருந்து நின்ற இரண்டு அம்மாமார் சமைக்க வந்தார்கள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, விறகுக்குக் கட்டிக்கொண்டு வந்து அடுக்கியது இளந்தாரிகள். மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அரிசி சில வீடுகளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு அக்கா அதில் இரண்டு கொத்து கொண்டுவந்து, "எங்களுக்கு வந்ததுதானே, புள்ளைங்களுக்குப் போடுங்க" என்று கிடாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு கொத்து அரிசியை நான் அன்றைக்கு நல்ல மனசு என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

சோறு, பருப்பு, வட்டக்காய், ஒரு கீரை. செவ்வாயும் வெள்ளியும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. முட்டை விலை 50 ரூபாவைத் தாண்டியிருந்த நேரம் அது. 34 முட்டை வாங்கினால் அன்றைய செலவில் பாதிக்கு மேல் முட்டைக்கே போய்விடும். ஆனாலும் முட்டையை விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவள் நான்தான்.

அந்த விதி எங்கிருந்து வந்தது

இங்கேயே சாப்பிட வேண்டும் என்பது நாங்களாக உண்டாக்கிய விதி இல்லை. முன்பு ஒரு தடவை வேறொரு வேலையாகப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பற்றிப் பேசியவர் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினார்: பிள்ளை சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது, சோறு பழுதாகிப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரலாம், கொடுத்த பொருள் கடைக்குப் போகலாம், தகப்பன் சாப்பிடலாம். எல்லாமே கேட்க நியாயமாக இருந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு வருசம் கழித்து, கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை அப்படியே சொன்னேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. மவுசாக்கலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, மண்டபத்து வாசல் வரைக்கும் பனிமூட்டம். மேற்பிரிவிலிருந்து வரும் பிள்ளைகள் உரப்பையைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நனைந்து வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை, பதினொரு வயது இருக்கும், பெரியவர்கள் போட்டுக் கழித்த சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று போட்டிருப்பாள். கை நீளம், மடித்து விட்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். சோற்றை மெதுவாக, ஓரத்திலிருந்து ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுவாள். அன்றைக்குச் சோறு முடிந்தது, பருப்பு முடிந்தது, தட்டில் முட்டை மட்டும் இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மடித்து விட்டிருந்த ஸ்வெட்டர்க் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டாள். கை உள்ளே போனபோது தட்டில் முட்டை இல்லை.

நான் பார்த்துவிட்டேன். பக்கத்தில் போய்க் குந்தி, யாருக்கும் கேட்காத மாதிரித்தான் சொன்னேன். "இங்கேயே சாப்பிடணும் சாமி. அது ஒங்களுக்குத் தந்தது." அவள் என்னைப் பார்த்தாள். வெட்கமோ பயமோ அந்த முகத்தில் இல்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளையின் முகம். ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுத்தாள். முட்டையில் சிவப்பு நூல் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, மூன்று வாயில் முட்டையைச் சாப்பிட்டாள். மஞ்சள்கரு தொண்டையில் அடைத்துக்கொண்டது போல. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "நல்ல புள்ள" என்று சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உரப்பையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய் முட்டை நாள், அன்றைக்கும் இல்லை. மேற்பிரிவுப் பிள்ளைகளைக் கேட்டேன். "அவ வரமாட்டாளாம் அக்கா" என்றார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மேற்பிரிவு லயத்தில்

புதன்கிழமை சாப்பாடு முடிந்ததும் நடந்தேன். கீழ்ப்பிரிவிலிருந்து குறுக்குப் பாதையில் முக்கால் மணித்தியாலம். மழைக்கு அட்டை கால் விரலுக்கு இடையில் ஏறிவிடும். இந்தப் பாதையில்தான் ஒரு தட்டுச் சோற்றுக்காக ஏழு வயசுப் பிள்ளைகள் தினமும் வந்து போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது. கணக்குப் புத்தகத்தில் மேற்பிரிவு 11 என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு காம்பரா லயம். கடைசிக்கு முந்தின காம்பரா. இஸ்தோப்பில், முன் திண்ணையில், அந்தப் பிள்ளை மூன்று வயதுத் தம்பியை மடியில் வைத்து, நனைந்த விறகை அடுப்பு ஓரத்தில் காயப்போடுவதற்காக ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டாள். அம்மாயி, தாயின் தாய், வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும், கொழுந்துக்கூடைக் கயிறு பதிந்த நெற்றி. தாய் கொழும்பில் வீட்டு வேலை. தகப்பனும் கொழும்பில் ஒரு கடையில், மாதத்துக்கு ஒரு தடவை வருவார், அந்த நேரம் பஸ் இல்லாததால் இரண்டு மாதமாக வரவில்லை. தாய்க்குத் தோட்டத்தில் பேர்ப் பதிவு இல்லை என்பதால் சின்னவனைப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டம் பார்த்துக்கொள்கிற இடத்தில், எடுக்கவில்லை. எங்கள் பட்டியலிலும் அவன் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத்தான் எழுதினோம். சின்னப் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தோம்.

சாயத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் குடிக்க ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார். அந்த நேரத்தில் அந்தக் கருப்பட்டித் துண்டு எங்கே ஒளித்து வைத்திருந்ததோ. நான் பிள்ளை வராததைக் கேட்டேன். கோபமா என்று கேட்டேன்.

"கோவம் என்னா கோவம். அவதான் வரமாட்டேன்னுட்டா. முட்டைய அவ மட்டும் தின்னுட்டு வந்துட்டாளாம். தம்பி மூஞ்சிய பாக்க முடியலன்னு ராவெல்லாம் ஒரே அழுக."

நான் விளக்கம் சொன்னேன். பிள்ளைக்குச் சத்து வேண்டும், வளரும் வயது, அவளுக்கென்று தந்தது அவளுக்கே போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம். அம்மாயி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுபத்து நாலாம் வருசத்தைப் பற்றிச் சொன்னார்.

அந்தப் பஞ்சத்தை மலையகத்தில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். 1973, 74இல் கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் வேலை நாளும் குறைந்து, பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். காணி இல்லாத சனம், தோட்டத்துக்கு வெளியே போய் விதைக்கவும் வழியில்லை. அம்மாயிக்கு அப்போது பேத்தியின் வயதுதான். ஐந்து பிள்ளைகள். தாய் மரவள்ளி இலையையும் தோட்டத்து ஓரத்துக் கீரையையும் அவித்து, ஒரு சிரட்டை மாவைக் கரைத்து ஊற்றுவாராம். எப்போதாவது, எங்கிருந்தாவது ஒரு முட்டை வரும். அதை அவித்து, தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து மறுமுனையை விரலில் சுற்றி, ஆறு துண்டாக அறுப்பாராம். கத்தி வைத்தால் மஞ்சள்கரு கத்தியில் ஒட்டிப் போகும். நூலென்றால் துளியும் வீணாகாது. ஐந்து துண்டு பிள்ளைகளுக்கு, ஆறாவது துண்டு அப்பாவுக்கு. தாய் அந்த நூலைச் சப்பிக்கொள்வாராம்.

"அதுல என்னா சத்து இருந்திருக்கும், நீங்க படிச்சவங்க சொல்லுங்க. எங்க கடைசித் தம்பி அந்த வருசந்தான் போனான். ஆனா மத்த நாலு பேரும் இன்னைக்கும் ஒருத்தன் சட்டியப் பாக்காம ஒருத்தன் திங்க மாட்டோம்." கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சோறு போடுறீங்க. நல்லா இருப்பீங்க. ஆனா புள்ளைங்கள தனியாத் திங்கப் பழக்கிறாதீங்கம்மா."

இதுதான் அந்த இடம். அதற்குப் பிறகு நான் எதையும் அதே மாதிரிப் பார்க்கவில்லை. இறங்கி வரும் வழியெல்லாம் என் அம்மாவின் ஞாபகம். எங்கள் வீட்டிலும் நூலால்தான் அறுப்போம். நாலு துண்டு. எனக்கு அது மறந்துபோகவில்லை, ஆனால் கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிற நேரத்தில் அது என் வீட்டுக் கதையாகவும், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு யாருடையவோ பிள்ளைகளாகவும் ஆகியிருந்தார்கள். இரண்டு கொத்து அரிசி கொண்டுவந்த அக்காவும் ஞாபகத்துக்கு வந்தார். தனக்கு வந்ததைப் பங்கு வைத்துத் தந்த அந்தக் கையை நல்ல மனசு என்றேன். அதையே ஒரு பிள்ளை செய்தபோது விதியை மீறுகிறாள் என்றேன்.

பட்டறையில் கொப்பியில் எழுதிய காரணங்களைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு நூலிழை ஓடுவது அப்போதுதான் தெரிந்தது. தாய் தகப்பனை நம்ப முடியாது என்பது. எங்கள் சனத்தின் மேல் இது இன்றைக்கு நேற்று விழுந்த சந்தேகமில்லை. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்திலிருந்து, இந்த ஆட்களின் கையில் எதையும் முழுசாகக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் குடித்துவிடுவான், அடகு வைத்துவிடுவான் என்ற பேச்சு இருக்கிறது. அதை நாங்கள், அந்த லயத்தில் பிறந்தவர்கள், நல்ல காரியம் செய்ய வந்த இடத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மிட்வைஃப் மிஸ் சொன்னது

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு இழுபறி இருந்திருக்காது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிட்வைஃப் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். முப்பது வருசமாக லயம் லயமாக ஏறி இறங்குகிறவர். அம்மாயியின் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"நீங்க பார்சல் கட்டிக் குடுங்க. வீட்டுல யாரு மொதல்ல தட்டுப் போட்டு ஒக்காருறாங்கன்னு போய்ப் பாத்தீங்களா? ஆம்பளைங்க, பொறகு பெரிய பையன், பொறகு சின்னதுங்க, பொம்பளப் புள்ள, கடைசியாத் தாய். பங்கு பங்குன்னு சொல்றோமே, அந்தப் பங்குல எப்பவும் கொறையுறது பொம்பளப் புள்ளையோடதுதான். அந்த முட்டைய வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா அவளுக்கு அதுல ஒரு துண்டாவது கெடைச்சிருக்கும்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சத்துமா, திரிபோஷாவை உதாரணமாகச் சொன்னார். 1973இலிருந்து கொடுத்து வருகிறார்கள், அம்மாயி சொன்ன அதே பஞ்ச காலம். கர்ப்பிணித் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் என்று அளந்து கொடுக்கிற பொதி. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நானும் சின்ன வயதில் அப்படிச் சாப்பிட்டவள்தான், யாருடைய பொதி என்று கேட்டதேயில்லை. அந்தப் பொதி எந்தப் பிள்ளைக்கு எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு அதில் எவ்வளவு போனது? 2016 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 வீதம். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு இந்த எண் புத்தகத்தில் படித்ததில்லை. பிள்ளையின் நிறை அட்டையில் கோடு கீழே போவதை மாதாமாதம் தன் கையால் புள்ளி வைத்துப் பார்க்கிறவர். "பாசத்தால புள்ள வளராது மிஸ், பெலனாலதான் வளரும்" என்றார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

பேராதனையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் ஓர் இடத்துக்கு, ஒரு நூலகத்துக்கு, உதவி செய்யப் போகிறவள். அங்கேயும் இதே பிரச்சினைதான்: பள்ளிக்கூடம் பூட்டினால் பள்ளிச் சாப்பாடு கிடையாது. அதற்காக 1968இல் சிறிதாகத் தொடங்கி 1975இல் தனித் திட்டமாக்கியிருக்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்ட யாரும் போகலாம், பேர் விலாசம் கேட்க மாட்டார்கள். நான் என் முட்டைக் கதையைச் சொன்னதும் போனில் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், அங்கேயும் அதே விதிதானாம். பிள்ளை அந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எடுத்துக்கொண்டு போகக்கூடாது. கூட வந்த தாய்க்கு அந்தச் சாப்பாட்டில் பங்கில்லை. கொவிட்டுக்கு முன்னால் ஒரு நாள், பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்த ஒரு தாயிடம், "இது பிள்ளைக்கு மட்டும்" என்று இவளே சொல்ல வேண்டியிருந்ததாம். "அந்த அம்மா கைய தொடச்சுக்கிட்டு வெளியில போய் நின்னாங்க டீ. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல."

கொவிட் காலத்தில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2022 கடைசியில் வந்த சட்டத்தோடு, தூரந்தொலைவான நாட்டுப்புறங்களில் பார்சலாகக் கொடுக்க நிரந்தரமாகவே இடம் கிடைத்திருக்கிறது. 2024இலிருந்து, திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள பிள்ளைக்குக் கோடைக்கு 120 டொலர் ஓர் அட்டையில் போட்டு வீட்டுக்கே கொடுக்கிறார்கள். தாய் கடைக்குப் போய் வாங்கிச் சமைக்கலாம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள நாட்டுக்கே ஒரு தாயின் கையில் கொடுக்கலாம் என்ற முடிவுக்கு வர இத்தனை வருசம் எடுத்திருக்கிறது.

58 பேர்

2023 ஏப்ரல் விடுமுறையில் கிடாரத்தை மேற்பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். லயத்து வாசலிலேயே அடுப்புக் கூட்டினோம். பட்டியல் போடவில்லை. பிள்ளை, தாய், வயசாளி, கைக்குழந்தை, அன்றைக்கு வேலையில்லாமல் வீட்டிலிருந்த ஆம்பிளைகள், எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் எண்ணினால் 58 பேர். 10 நாளுக்கு என்று வைத்திருந்த காசு ஏழாம் நாள் முடிந்தது.

அந்த ஏழு நாளும் நன்றாக இருந்தது என்று சொன்னால் முழு உண்மையில்லை. முட்டை பாதியானது. கீழ்ப்பிரிவில் ஒரு தாய் நேராக வந்து கேட்டார், "போன தடவ எங்க புள்ளைக்கு முழு முட்டை. இப்ப வேலைக்குப் போகக்கூடிய ஆளுக்கு அதுல பாதியா?" கட்டாரிலிருந்து காசு அனுப்பியவனும் அதையே வேறு மாதிரிக் கேட்டான். பசித்த பிள்ளைக்கென்று நண்பர்களிடம் கேட்டு வாங்கிய காசு அது, அவர்களுக்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கேட்டதும் நியாயம். இரவு இரவாகப் போனில் பேசினோம், எங்களுக்குள் ஒருத்தருக்கொருத்தர் குரல் உயர்ந்தது. ஒருத்தி விலகிக்கொண்டாள், அவளோடு எனக்கு இன்றைக்கும் பழைய பேச்சு இல்லை. அது எனக்கு வலிக்கிறது.

ஆனால் அந்த வாசலில் ஒன்றைப் பார்த்தேன். மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக, சத்தமில்லாமல், வேகமாகச் சாப்பிட்டு எழும்புவார்கள். இங்கே அப்படி இல்லை. சாப்பிட்டுக்கொண்டே தாய் பிள்ளையின் தட்டில் தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பதும், பிள்ளை தம்பிக்கு ஊட்டுவதும், கிழவர் ஒருவர் பல்லில்லாத வாய்க்குச் சோற்றைப் பிசைந்துகொண்டு பழைய துரை காலத்துக் கதை சொல்வதும், சாப்பாடு ஒரு மணித்தியாலம் ஓடியது. மிட்வைஃப் மிஸ் சொன்னது மனசில் இருந்ததால் பெண் பிள்ளைகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் நடந்தது. இரண்டு வீடுகளில் அண்ணன்காரனின் தட்டுக்குத்தான் அடுத்த கரண்டி முதலில் போனது. வாசலில் எல்லோரும் பார்க்க நடந்ததால், சமைத்த அம்மா ஒருவர் அதைக் கண்டுகொண்டு, "தங்கச்சிக்கு வை மொதல்ல" என்று அகப்பையாலேயே காட்டினார். நாங்கள் சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்காது.

இப்போது விடுமுறைக்கு விடுமுறை இப்படி நடக்கிறது: சோறு பருப்பு லயத்து வாசலில், எல்லோருக்கும், வாரத்தில் மூன்று நாள். அதற்கு மேல் எங்களிடம் காசில்லை. முட்டையை மட்டும் சமைக்காமல், சனிக்கிழமை வீட்டுக்கு வீடு பச்சையாகக் கொடுத்துவிடுகிறோம், அந்த வீட்டுத் தலைக் கணக்கைப் பார்த்து. ஒரு முட்டையை அடித்துக் கொதிக்கிற புளிக்குழம்பில் ஊற்றி ஐந்து பேருக்குக் குழம்பாக்க அந்தப் பெண்களுக்குத் தெரியும். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. நிறை குறைந்த பிள்ளைகளுக்கு மட்டுமாவது தனியாகக் கொடுங்கள் என்கிறார். நாலு பிள்ளைகளின் பேரை எழுதித் தந்தார். அந்த நாலு வீட்டுக்கும் ஆளுக்கு மூன்று முட்டை கூடுதலாக வைக்கிறோம். அது அந்தப் பிள்ளைகளின் வாய்க்குப் போகிறதா என்று நான் போய் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமோ என்று சில சனிக்கிழமைகளில் தோன்றும்.

சிவப்பு ஸ்வெட்டர் இப்போது அந்தப் பிள்ளைக்கு அளவாக இருக்கிறது. பதினாலு வயது. போன ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள், லயத்தில் ஒரு வயசாளியின் திவசம், அவர்கள் வீட்டார் 20 முட்டை வாங்கித் தந்து எல்லோருக்கும் சோற்றோடு வையுங்கள் என்றார்கள். அவித்து உரித்துத் தாம்பாளத்தில் வைத்தோம். நான் கத்தியை எடுத்தேன். அவள் உள்ளே போய் அம்மாயியின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் கொண்டுவந்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைச் சுட்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முட்டையை இடது கையில் நிறுத்தி இழுத்தாள். மஞ்சள்கரு ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை. அடுத்த முட்டையை எடுக்கும் முன் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"அக்கா, மலைக்குப் போனவங்க இன்னும் எத்தன பேரு வரணும்?"

"பதினாலு."

உதடு அசைய எண்ணிப் பார்த்தாள். ஏற்கெனவே நாலாக அறுத்து வைத்திருந்ததில் ஒரு துண்டை எடுத்து ஓரமாக மூடி வைத்தாள். கொழும்பிலிருந்து அன்று இரவு வரப்போகிற அம்மாவுக்காம்.